துடுப்பு பிடித்த பள்ளிக்கூடம்



ஜூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய வரலாறு, பணியாற்றிய குருக்களின் பெயர்கள், பங்கின் சபைகள், திருவிழாக்கள் ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. ஒரு பள்ளிக்கூடத்துப் படகுச் சங்கத்தையும், அதில் துடுப்பு பிடித்த மாணவர்களையும் பற்றியது.

ஆலங்குளத்துக்காரருக்குப் படகு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம் ஊரில் ஆறு இல்லை. கண்மாய் மறுகால் பாய்ந்த ஆண்டுகளைப் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். ஆயினும் இந்த வரலாறு தண்ணீரைப் பற்றியதைவிடக் கைகளைப் பற்றியது என்றே சொல்ல வேண்டும். கரிசல் காட்டிலும், தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களிலும், சிமெண்டு ஆலையிலும் கைகளை நம்பிப் பிழைக்கும் மக்கள் நாம். ஆகவே இது நமக்கும் உரிய வரலாறுதான்.

படகுப் போட்டி பிறந்த விதம்

கடலோரத்து மக்களுக்குப் படகு பிழைப்பு. அதை விளையாட்டாக்கிப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர். தேம்ஸ் நதிக்கரையிலிருந்த வெஸ்ட்மின்ஸ்டர், ஈட்டன் ஆகிய பள்ளிகளின் மாணவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படகுக் குழுக்கள் அமைத்துக்கொண்டார்கள். 1829-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் ஹென்லி என்னும் ஊரில் முதன்முறையாக மோதின. 1856 முதல் அப்போட்டி ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று. உலகப் போர்க் காலங்கள் போன்ற சில இடைவெளிகளைத் தவிர இன்றுவரை தொடர்கிறது. போட்டித் தூரம் 4 மைலுக்குச் சற்று அதிகம்.

இந்தப் படகு செல்லும் முறையை அறிந்துகொள்வது நல்லது. படகின் ஓரத்தில் பொருத்தி இழுப்பதற்குத் தண்டு என்று பெயர். கையில் ஏந்தித் தண்ணீரைத் தள்ளுவது துடுப்பு. போட்டிப் படகில் எட்டுப் பேர் வரிசையாக அமர்ந்து ஆளுக்கு ஒரு தண்டு வலிப்பார்கள். படகு போகும் திசைக்கு முதுகு காட்டியே அவர்கள் அமர வேண்டும். போகும் வழி அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒன்பதாவது ஆள் ஒருவர் பின்தலையில் முன்நோக்கி அமர்ந்து சுக்கான் பிடிப்பார். அவர் பெரும்பாலும் எடை குறைந்த, சிறிய உருவத்தினர். அவருடைய குரலே மற்ற எட்டுப் பேருக்கும் கண். ஒருவருடைய தண்டு ஒரு நொடி பிந்தினாலும் படகு முழுவதும் தடுமாறும். தனியாளாகப் பெயர் வாங்க இந்த விளையாட்டில் இடமில்லை.

ஆங்கிலேயர் நம் நாட்டுக்கு வந்தபோது தங்கள் படகுகளையும் கொண்டுவந்தார்கள். 1858-இல் கல்கத்தாவிலும், 1864-இல் கொழும்பிலும், 1867-இல் சென்னையிலும் படகுச் சங்கங்கள் தோன்றின. அடையாற்றங்கரையில் சென்னைப் படகுச் சங்கம் இன்றும் இருக்கிறது. கொழும்புச் சங்கத்தோடு அது நடத்தும் போட்டி 1898-இல் தொடங்கியது. ஆனால் இச்சங்கங்கள் ஆரம்பத்தில் வெள்ளைக்காரத் துரைமாரின் மாலைப்பொழுதுக்காக ஏற்பட்டவை. ஆற்றங்கரையில் நின்று பார்த்த நம்மவர்க்கு அதில் பங்கு இருக்கவில்லை. நம் நாட்டுப் பிள்ளைகளின் கையில் துடுப்பைக் கொடுத்த பள்ளிக்கூடத்தைக் காண நாம் வடக்கே நெடுந்தூரம், காஷ்மீரத்துக்குச் செல்ல வேண்டும்.

சுக்கான் பிடித்தவர்

1884-ஆம் ஆண்டுப் போட்டியில் கேம்பிரிட்ஜ் படகு வென்றது. அதற்குச் சுக்கான் பிடித்தவர் செசில் ஏர்ல் டின்டேல் பிஸ்கோ என்ற இளைஞர். 1863-இல் பிறந்தவர், உருவத்தில் சிறியவர். படிப்பை முடித்து ஆங்கிலிக்கன் சபையில் குருவாகி, லண்டனில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஒயிட்சாப்பல் பகுதியில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் சர்ச் மிஷன் சங்கத்தார் அவரை 1890-இல் ஸ்ரீநகருக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சங்கம் நமக்கு அந்நியமானதன்று. நம் சிவகாசிப் பகுதியில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் போதித்த ராக்லண்ட் ஐயர் அதே சங்கத்தைச் சேர்ந்தவர். அவரும் கேம்பிரிட்ஜில் படித்தவரே. 1858-இல் சிவகாசியிலேயே அவர் உயிர் நீத்தார். சபையால் நாம் வேறுபட்டிருந்தாலும், பிரிந்த சகோதரர்கள் ஆற்றிய நற்பணிகளை நன்றியோடு நினைப்பது இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்றுத்தந்த மனப்பாங்கு.

ஸ்ரீநகரின் மிஷன் பள்ளி 1880-களின் தொடக்கத்தில் ஏற்பட்டது. ஜீலம் நதி நகரத்தை ஊடறுத்துச் செல்கிறது. தால் ஏரி பக்கத்திலேயே விரிந்து கிடக்கிறது. பல இடங்களுக்குத் தெரு வழியாகப் போவதைவிடத் தண்ணீர் வழியாகப் போவதே எளிது. அப்படிப்பட்ட ஊரில் பள்ளி மாணவரில் மிகப் பலர்க்கு நீச்சல் தெரியாது! துடுப்பைத் தொட்டவர்களும் இல்லை.

காரணம் என்ன? மாணவர் பெரும்பாலும் பண்டிதர் எனப்படும் காஷ்மீரப் பிராமண வகுப்பார். எழுத்து வேலையே அவர்களுடைய குலப் பெருமை. படகு தள்ளுவது ஹாஞ்சிகள் என்னும் ஓடக்கார வகுப்பாரின் வேலை. துடுப்பு பிடித்தால் புயத்தில் தசை திரளும்; தசை திரண்டால் கூலிக்காரன் என்று ஊர் எண்ணும். ஆகவே மெலிந்த கைகளே குலத்துக்கு அடையாளம் என்று அப்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். கணுக்கால் வரை தொங்கும் அங்கி அணிந்து, குளிருக்காக நெருப்புச் சட்டியை அதனுள் ஏந்தி, ஓடாமல் குனியாமல் அவர்கள் பள்ளிக்கு வந்து போனார்கள்.

பந்து முதலில், படகு பின்னர்

1891-இல் பிஸ்கோ ஒரு கால்பந்தைக் கொண்டுவந்தார். தோலால் ஆனதைத் தொட்டால் தீட்டு என்று மாணவர் மறுத்தனர். ஆசிரியர்கள் கம்புகளோடு சுற்றி நிற்க, வேறு வழியின்றி ஆட்டம் தொடங்கிற்று. பந்து ஒருவன் முகத்தில் பட்டுவிட்டது. தீட்டாகிவிட்டதென்று அவன் அழ, எல்லாரும் திகைத்து நின்றார்கள். போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வரச்சொல்லி, ஆட்டத்தைத் தொடர வைத்தார் பிஸ்கோ. ஊரில் பெரும் கூச்சல் எழுந்தது. ஆனால் பந்து நின்றுவிடவில்லை.

படகும் இப்படியே வந்தது. இங்கிலாந்து முறையில் தண்டு வலிக்கும் படகுகளும், காஷ்மீர முறையில் துடுப்பு போடும் படகுகளும் பள்ளிக்கு அமைந்தன. மாணவர் மட்டுமல்ல, ஆசிரியர்களும் இறங்கினார்கள். குறித்த வயதுக்குள் நீந்தக் கற்றுக்கொள்ளாத மாணவனுக்குப் பள்ளிக் கட்டணம் கூடும் என்று ஒரு விதியையும் பிஸ்கோ ஏற்படுத்தினார். குலப் பெருமை எத்தனை பெரியதானாலும் கூடுதல் பணம் கட்டப் பெற்றோர்க்கு மனம் வருமா? பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். காலப்போக்கில் முஸ்லிம் மாணவரும் பள்ளியில் பெருகினார்கள். பண்டிதர் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே படகில் ஒரே தாளத்துக்குத் துடுப்பு போடும் காட்சியை ஜீலம் கண்டது.

ஆண்டுதோறும் நடந்த படகுப் போட்டியில் ஒரு வேடிக்கை உண்டு. சைகை கொடுத்ததும் குழுவினர் தங்கள் படகைத் தாங்களே மூழ்கடிப்பார்கள். எல்லாரும் தண்ணீரில் கிடப்பார்கள். பிறகு படகை மீட்டு, நீரை இறைத்து ஏறி வருவார்கள். பார்ப்பவர்க்கு அது சிரிப்பு. துடுப்பு போடுபவனுக்கோ, படகு கவிழ்ந்தாலும் பதறாதே என்ற பாடம்.

மதிப்பெண் கொடுப்பதிலும் இப்பள்ளி தனி வழி கண்டது. ஏட்டுப் படிப்புக்கு மட்டுமன்றி, உடற்பயிற்சிக்கும், பிறரிடம் நடந்துகொள்ளும் முறைக்கும் மதிப்பெண் உண்டு. கணக்கில் முதலாவதாக வந்தவன் அண்டை வீட்டாருக்கு உதவாதவனாயின் வகுப்பில் முதலாவதாக வர முடியாது. இரண்டு துடுப்புகள் குறுக்காக அமைந்தது பள்ளியின் சின்னம். காஷ்மீரத் துடுப்பின் இலை இதய வடிவில் இருக்கும். துடுப்பு உழைப்பையும், இதயம் இரக்கத்தையும், குறுக்கு அமைப்பு தன்னையே கொடுப்பதையும் குறிக்கும் என்று மாணவர்க்கு விளக்கினார்கள். எல்லாவற்றிலும் மனிதராயிருங்கள் என்பது பள்ளியின் விருதுவாக்கின் பொருள்.

வெள்ளம் வந்த நாள்

கோப்பைகளோடு முடிந்திருந்தால் இந்தச் சங்கத்தின் வரலாற்றை நாம் எழுதியிருக்க மாட்டோம். ஜீலம் அடிக்கடி கரை உடைக்கும் நதி. 1893-இலும் 1903-இலும் ஸ்ரீநகரைப் பெருவெள்ளங்கள் தாக்கின. அத்தகைய நாட்களில் பள்ளிப் படகுகள் போட்டிக்குச் செல்லவில்லை. கூரைமேல் ஏறி நின்றவர்களையும், இடிந்த வீடுகளில் அகப்பட்டவர்களையும் மீட்கச் சென்றன. நீச்சல் தெரியாதிருந்த பிள்ளைகளின் பள்ளி, நீரில் விழுந்தவர்களைக் கரையேற்றியவர்களின் பெயர்களை எழுதிவைக்கும் பள்ளியாயிற்று. மரவீடுகள் நிறைந்த நகரில் தீப்பிடித்தபோதும் மாணவர் ஓடினார்கள். காலரா பரவிய காலங்களிலும் அவர்கள் தொண்டு புரிந்தனர்.

இன்னொரு பணி நம் மனத்தை மிகவும் தொடுகிறது. மிஷன் மருத்துவமனையில் நோய் தெளிந்து வரும் ஏழைகளைப் பள்ளிப் படகுகளில் ஏற்றித் தால் ஏரியில் காற்று வாங்க அழைத்துச் செல்வார்கள். நோயாளி அமர்ந்திருப்பான், பண்டிதர் வீட்டுப் பிள்ளை துடுப்பு போடுவான். முன்பு அந்தப் பிள்ளையை ஏற்றிச் செல்வதே ஏழையின் வேலையாயிருந்தது.

பிஸ்கோ 1947 வரை காஷ்மீரத்தில் இருந்தார். 1949-இல் ரொடீசியாவில் காலமானார். 1912-இல் தொடங்கிய பெண்கள் பள்ளி பின்னாளில் மாலின்சன் அம்மையாரின் பெயரைத் தாங்கிற்று. ஆண்கள் பள்ளி பிஸ்கோவின் பெயரால் இன்றும் நடக்கிறது.

ஒரு கேள்வி

வரலாறு எழுதுவோர் புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. பிஸ்கோ பிரம்பை நம்பியவர். ஆளும் இனத்தாரின் செருக்கு அவருடைய எழுத்துக்களில் பல இடங்களில் தலைகாட்டுகிறது. காஷ்மீரத்துப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில இன்று நம் செவிக்குக் கசக்கின்றன. அன்பால் செய்ததும் அதட்டலால் செய்ததும் அவருடைய பணியில் கலந்தே இருந்தன.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பண்டிதர் பிள்ளை துடுப்பைத் தொட்டபோது உலகம் கைதட்டிற்று. பிறந்தது முதல் துடுப்பைப் பிடித்துக் கை காய்த்துப்போன ஹாஞ்சிக்குக் கைதட்டியவர் யார்? உயர்ந்தவன் இறங்கி வந்தால் அது தியாகம். எளியவன் அன்றாடம் செய்தால் அது வெறும் பிழைப்பு. இவ்வாறு எண்ணுவது உலகத்தின் பழைய நோய்.

இந்த நோய் காஷ்மீரத்துக்கு மட்டும் உரியதன்று. பிஸ்கோ வந்த இங்கிலாந்திலேயே இருந்தது. 1879-இல் ஹென்லிப் போட்டியை நடத்துவோர் ஒரு விதி வகுத்தார்கள். கூலிக்குக் கைத்தொழில் செய்பவரோ, செய்தவரோ, தொழிலாளியோ அங்குப் போட்டியிடக் கூடாது என்பதே அது. ஸ்ரீநகரில் கூலிக்காரன் வேலையென்று துடுப்பை ஒதுக்கினார்கள். ஹென்லியில் துடுப்பை வைத்துக்கொண்டு கூலிக்காரனை ஒதுக்கினார்கள். வழி வேறு, நோய் ஒன்றே!

1920-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து ஜான் கெல்லி என்பவர் ஹென்லிக்கு விண்ணப்பித்தார். அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. செங்கல் அடுக்கும் கொத்தனார் வேலை செய்தவர். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவருடைய சங்கத்தின்மேல் முன்பே இருந்த தடையும், அவர் கைத்தொழில் செய்தவர் என்பதும் காரணங்களாயின. அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், அவ்வாண்டு ஹென்லியில் வென்ற பெரஸ்போர்டையே தோற்கடித்துக் கெல்லி தங்கம் பெற்றார். அந்த விதி 1937-இல் நீக்கப்பட்டது. 1947-இல் கெல்லியின் மகன் அதே ஹென்லியில், தந்தைக்கு மறுக்கப்பட்ட அதே போட்டியில் வெற்றி பெற்றார். மொனாக்கோ நாட்டு இளவரசியான கிரேஸ் கெல்லி அந்தக் கொத்தனாரின் மகள்தான்.

நீரில்லாத ஊரிலிருந்து

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மராட்டிய மாநிலம் நாசிக் மாவட்டத்தில் சாந்த்வட் வட்டாரம் நம் சீமையைப்போல வறட்சி மிகுந்தது. அங்கு ஒரு சிற்றூரில் பிறந்த தத்து போகனல் தந்தையோடு கல் உடைத்தும் கிணறு தோண்டியும் பிழைத்தவர். 2012-இல் இராணுவத்தில் சேர்ந்த பிறகே படகைத் தொட்டார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் தனிப்படகுப் போட்டியில் பதின்மூன்றாம் இடம் பெற்றார். 2018-இல் ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் மற்ற மூவரோடு தங்கம் வென்றார். தண்ணீருக்காகக் கிணறு தோண்டிய கை, தண்ணீரின்மேல் தங்கம் பெற்றது. ஆறில்லாத ஊர்க்காரனுக்குப் படகு எதற்கு என்று இனி யாரும் கேட்க முடியாது.

நமக்குச் சொல்வது என்ன?

நம் வட்டாரத்தில் பள்ளிக்கூடம் எளிதில் வந்ததன்று. விருதுநகரில் வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் வணிகர் கொடுத்த மகமையும் பள்ளிக்கூடமாயின. ஆனாலும் நெடுங்காலம் நம் பிள்ளைகள் பலர் பொழுது விடியுமுன் வண்டியேறித் தீப்பெட்டி ஆலைக்கே சென்றார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த பிள்ளைகளைக் குறித்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், பிள்ளை படிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்லிற்று. பிள்ளையின் கையில் மருந்தும் குச்சியும் இருக்கக் கூடாது, புத்தகமே இருக்க வேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை.

ஆனால் புத்தகத்தோடு மற்றொன்றும் பிள்ளைகளுக்குள் நுழைந்துவிடுகிறது. கல்லூரிக்குப் போகும் மகன், அலுமினியப் பொடியால் வெள்ளியாய் மின்னும் தாயின் கையைக் கண்டு நண்பர் முன் கூசுகிறான். தந்தையின் தொழிலை விண்ணப்பத்தில் எழுதத் தயங்குகிறான். ஸ்ரீநகரத்துப் பிள்ளைகள் மெலிந்த கையைக் குலப் பெருமை என்று எண்ணியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவர்கள் பெரிய வீட்டில் பிறந்து கற்ற பாடத்தை, நாம் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பிறகு கற்றுக்கொள்ள வேண்டுமா? நம் ஆண்டவர் தச்சருடைய வீட்டில் வளர்ந்தார். மீனவருடைய படகிலிருந்து போதித்தார். அந்தக் கைகளைத் தேடி வந்தவரே அன்றி அவற்றைக் கண்டு கூசியவர் அல்லர்.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் பங்கு மக்களிடம் நாம் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, கண்மாய் நிறையும் ஆண்டில் பிள்ளைகளை விரட்டி மட்டும் விடாதீர்கள். நீந்தத் தெரிந்த பெரியவர்கள் உடனிருந்து ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுங்கள். வறண்ட ஊர்ப் பிள்ளைகள்தான் நீர் நிறைந்த கிணற்றிலும் கண்மாயிலும் அறியாமல் இறங்கி உயிரிழக்கிறார்கள். நீந்தத் தெரிந்தவன் தன்னையும் காப்பான், அடுத்தவனையும் காப்பான்.

இரண்டாவது, நம் இளைஞர் சபையினருக்கு. பட்டம் பெற்று வெளியூர் சென்றாலும், ஊருக்கு வரும்போது உங்கள் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையைப் பங்கில் எடுத்துச் செய்யுங்கள். கோயில் வளாகத்தைப் பெருக்குவதானாலும் சரி, முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதானாலும் சரி. அதற்கு முன் வீட்டில் தாய் தந்தையரின் கைகளை ஒருமுறை கூச்சமின்றிப் பிடித்துப் பாருங்கள். உங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தவை அந்தக் கைகளே. படகில் தண்டு வலிப்பவரைப்போல, போகும் இடம் தங்கள் கண்ணுக்குத் தெரியாமலே அவர்கள் உங்களுக்காக வலித்தார்கள்.

இறைவன் நம் பங்கையும், நம் உழைப்பாளர் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.